ஆகஸ்ட் பதினொன்னுல பிறந்தவங்க

புந்தோங், ஈப்போ

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் சொகமா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி மழை வந்தா வருது, வெயில் வந்தா போவுது, கிளினிக்ல கொடுத்த மருந்தைத் தடவச் சொன்னா நாத்தம்னு மூலையில வெச்சிருக்கா. தர்மா பினாங்குல வேலை மாறிட்டான், உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், அவன் எல்லாத்தையும் அக்காகிட்டதானே முதல்ல சொல்லுவான். போனு இருக்கும்போது எதுக்குப்பா கடுதாசின்னு நீ சிரிப்பே. வாட்ஸ்அப்புல எழுதினா கட்டைவிரல் படத்தைப் போட்டு முடிச்சிருவே, கூப்பிட்டா மீட்டிங்குன்னு வெச்சிருவே, அதான் எழுதறேன். முழுசா படி.

சிலிபின்ல உங்க கம்பெனி கோப்பிக் கடை திறந்தப்ப நம்ம தோட்டத்து ஆளுங்களை இழுத்துக்கிட்டுப் போனது நான்தான். பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஒண்ணா பால்மரம் சீவினவங்க, தோட்டத்தை வித்த பிறகு பாதிப் பேரு இங்கதானே கெடக்கோம். என் மக வேலை செய்யற கம்பெனி, எல்லாரும் மெம்பர் ஆகுங்கன்னு ஒவ்வொருத்தர் அடையாள கார்டு ஐசியையும் வாங்கி நீட்டினேன். வாங்கற கப்புக்கு ஒரு புள்ளி, புள்ளி சேர்ந்தா ஒரு கப்பு இலவசம்னு சொல்லிட்டா மனுஷன் எப்படி மாறிடறான் பாரு. அர்ச்சுனன் மாமாவுக்கு பாலும் சீனியும் இல்லாம ஒரு கோப்பி ஓ கோசோங் போதும், அன்னைக்குப் பொழுது ஓடிடும், ஆனா இலவசத்துக்கு இன்னும் ஒரு புள்ளிதான் பாக்கின்னு தெரிஞ்சா சாயந்திரம் குளிச்சிட்டுத் திரும்ப வந்து நிப்பாரு. தைப்பூசத்துக்கு வந்தப்ப நீயும் இதையேதான் சொன்னே, புள்ளி நெருங்க நெருங்க ஜனங்க வேகமா வருவாங்க, வியாபாரம் அதுலதான் ஏறுதுன்னு. பிறந்த நாளன்னைக்குக் கொடுக்கற இலவசக் கப்புக்காகப் பொய்த் தேதி கொடுக்கறவங்களைப் பிடிக்க நீயே ஒரு வழி பண்ணியிருக்கேன்னும் சொன்னே, ஒரே கடையில ஒரே தேதி நிறைய வந்தா சிஸ்டம் தானா நிறுத்திடும்னு. என் மக கெட்டிக்காரின்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு ஏன் அப்பவே உறைக்கலன்னு இப்ப மனசு அடிச்சிக்குது.

நம்ம தோட்டத்துல பிறந்தவங்களுக்கு ஐசியில ஏதும்மா நெசமான தேதி? பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுட்டு எவன் டவுனுக்கு ஓடுவான். ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி ஒரு நாள் மொத்தமா பேரை எழுதிக்கிட்டுப் போயி பதிஞ்சிட்டு வந்தாரு, போன அன்னைக்கு என்ன தேதியோ அதையே அத்தனை பேருக்கும் போட்டு, வருஷத்தை மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாத்திட்டாரு. அதனாலதான் எனக்கும் ஆகஸ்ட் பதினொன்னு, அர்ச்சுனன் மாமாவுக்கும் பதினொன்னு, நல்லம்மாள் அத்தைக்கும் பதினொன்னு. இந்த ஆகஸ்ட் பதினொன்னு காலையில நீ எனக்கு வாழ்த்து அனுப்பினே. நாங்க எல்லாம் வெளுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு சிலிபினுக்குப் போனோம். அத்தை வரமாட்டேன்னுதான் சொன்னாங்க, எனக்கு எதுக்கு அண்ணே அந்தக் கப்பு, அது பாட்டுக்கு இருக்கட்டும்லான்னாங்க. நான்தான் விடாம முதல் ஆளா நிக்க வெச்சேன். மெஷின் சிவப்பு காட்டுச்சு. கவுண்டர்ல புதுசா நின்ன பொண்ணு, தேதி பால்சு, போலின்னு வருதேன்னு சத்தமா சொல்லிடுச்சு. அடுத்து என்னுது, அதுவும் பால்சு. வரிசையில நின்னவங்க போலி ஐசிக்காரங்களைப் பார்க்கற மாதிரி எங்களைப் பார்த்தாங்க. அத்தை ஐசியைக் கையில வெச்சிக்கிட்டு இதுவே பொய்யாம்மான்னு அந்தப் பொண்ணையே கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு துளசி.

அன்னையிலேர்ந்து அத்தை வெளியே வரல, கோயிலுக்குக்கூட வரல. ஐசியைப் பிடுங்கிடுவாங்களோ, மாசா மாசம் வர்ற அரசாங்க உதவிப் பணம் நின்னுடுமோன்னு பயம். நானும் அம்மாவும் எவ்வளவோ சொல்லியாச்சு, நம்பல. உனக்குப் போன் போட்டா, சிஸ்டம்ப்பா, ஐசியைப் படம் எடுத்து ஈமெயில் போடச் சொல்லுங்கன்னுட்டே. அலமாரியில வெச்சுப் பூட்டிக்கிட்டிருக்கறவங்ககிட்ட அதை வெளியே எடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது. உன்னைக் குத்திக் காட்டணும்னு எழுதல, நீ வேணும்னு செய்வியா, எனக்குத் தெரியாதா. அந்த விதியை மாத்த முடிஞ்சா மாத்து, இல்லாட்டி மேல இருக்கறவங்ககிட்ட சொல்லிப் பாரு. அதுக்கு முன்னாடி அத்தைக்கு ஒரு போன் போடு. கம்பெனி ஆளா பேசாதே. உங்க ஐசி நெசம்தான் அத்தைன்னு உன் வாயால சொல்லு, நீ சொன்னா நம்புவாங்க.

இப்ப எங்க ஆளுங்க யாரும் அந்தக் கடைப் பக்கம் போறதில்ல. மார்க்கெட் பக்கத்துல சீன அங்கிள் கடையில உக்கார்றோம், அங்க புள்ளியும் இல்ல, பிறந்த நாளும் யாரும் கேக்கறதில்ல. உங்க கடை மேனேஜர் விமலா போன வாரம் வழியில பார்த்து, காலை வியாபாரமே படுத்துடுச்சு அங்கிள், உங்க கூட்டம்தான் கடையை நிரப்பிக்கிட்டிருந்துச்சுன்னு வருத்தப்பட்டுச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு. நல்லம்மாள் அத்தை தினமும் காசு கொடுத்துத்தான் குடிச்சாங்களாம், மெம்பர் ஆன நாள்லேர்ந்து இலவசக் கப்பு ஒண்ணுகூட எடுக்கலையாம், எல்லாம் அப்படியே சேர்ந்து கெடந்து இப்ப சிஸ்டம் அவங்க கணக்கை நிறுத்தினதோட போயிடுச்சாம். நேத்து போயி ஏன் எடுக்கலன்னு கேட்டேன். நாங்க ஓசியில குடிச்சா துளசி சம்பளத்துலதானே அண்ணே பிடிப்பாங்க, பிள்ளை பாவம்லான்னாங்க.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம, மனசு குளிர நல்லா இருக்கணும். வேலை வேலைன்னு பட்டினி கெடக்காதே. அத்தை மத்தியானம் தூங்கறதில்ல, எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பாங்க.

உன் அப்பா,
உடையப்பன்