இழுத்தால் அறுந்துபோகிற கயிறு

அய்யா,

தேனி கடைத்தெருவில் பேரனுக்கு அரைஞாண் கயிறு வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு கருப்புக் கயிற்றை இரு கையாலும் வெடுக்கென்று இழுத்துக் காட்டி, "யானையக் கட்டுனாலும் அறாதுண்ணே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் ஞாபகம்தான்.

மனநல மருத்துவம் படித்துவிட்டுக் காக்கி போட்ட ஒருவர் எங்கள் பக்கத்துச் சிறைகளுக்குத் துணைத் தலைவராக வருகிறார் என்றதும், வைத்தியம் கைதிகளுக்கா, எங்களைப் போன்ற ஜெயிலர்களுக்கா என்று கேலி பேசினோம். அது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. யாருக்கு முற்றியிருக்கிறதோ அவர்களுக்கு முதலில் என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். நீங்கள் தேவாரம் ஊர்க்காரர், நான் பக்கத்து அனுமந்தன்பட்டிக்காரன் என்று தெரிந்தபின் நமக்குள் அந்தக் கேலி நிற்கவே இல்லை.

கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அடிதடி வழக்கில் உள்ளே வந்தார். தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதே என்று, விதிப்படி அவருடைய இடுப்புக் கயிற்றை அறுத்துப் போட்டார்கள். அதோடு மனிதர் சோற்றைத் தொடவில்லை. நடிப்பு என்றார்கள் சிலர், பைத்தியம் என்றார்கள் சிலர். ஆள் துவண்டு சாகக் கிடந்தார். நீங்கள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நம்மூர்ப் பேச்சில் விசாரித்தீர்கள்.

"செத்தவனுக்கு எதுக்குய்யா சோறு? கயிறத்தான் அறுத்துட்டாகளே."

பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் நம் பக்கம் அந்தக் கயிற்றை அறுப்பார்கள். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

கயிற்றைக் கொடுத்து அவர் தொங்கிவிட்டால் உங்கள் வேலைக்கே ஆபத்து என்றேன். நீங்கள் சிறைத் தறிக்கூடத்திலிருந்து பஞ்சு நூல் வரவழைத்து, இரண்டு இழையை முறுக்கி, இழுத்து அறுத்துப் பார்த்தீர்கள்.

"இது ஆள் பாரம் தாங்காது ஜெயிலரே. கட்டிவிடுங்க."

அவர் நம்பவேண்டும் என்று உங்கள் இடுப்பிலும் ஒன்றைக் கட்டிக்கொண்டீர்கள். அன்று மத்தியானம் அவர் ரசஞ்சோறு சாப்பிட்டார். பின்னால் நீங்கள் மாநிலச் சிறைத்துறைக்கே தலைவரானபோது, எல்லாச் சிறைகளுக்கும் அந்த நூல் போனது.

போன தை மாதம் தேவாரத்தில் உங்களைக் குளிப்பாட்டினோம். உங்கள் அண்ணன் மகன் கத்தரிக்கோல் தேடினார். நான் குனிந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி விரலால் லேசாக இழுத்தேன். அதே பஞ்சு நூல். கையோடு வந்துவிட்டது. இத்தனை வருடமும் மாற்றி மாற்றி அதையே கட்டியிருக்கிறீர்கள். அதுவரை அழாத நான் அப்போது அழுதேன்.

பேரன் ஓடியாடுகிற பிள்ளை, அவனுக்கு அந்த யானைக் கயிற்றையே வாங்கினேன். என் இடுப்பில் உங்கள் நூல்தான். குனிந்து நிமிர்ந்தால் அறுந்துபோகிறது. வீட்டில் திட்டுகிறார்கள். நான் திரும்பவும் முறுக்கிக் கட்டிக்கொள்கிறேன், அய்யா.