கோல் விழவில்லை

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் இப்போது நலம்தான், பயப்படாமல் படி. போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

போன விடுமுறையன்று எங்கள் சைட்டில் வேலை செய்கிற ஆட்களுக்குள் கால்பந்து ஆடினோம். நான் கோல்கீப்பர். பாய்ந்து பந்தைப் பிடித்தபோது, கிரேன் ஓட்டுகிறவரின் முழங்கால் என் இடது விலாவுக்குக் கீழே இடித்துவிட்டது. கோல் விழவில்லை. வலியும் அடங்கியதால் அறைக்கு வந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் இடது தோள்பட்டை குடைந்தது, தலை சுற்றியது. கூடத் தங்கியிருக்கும் சமையல்காரர், "தோள்ல அடியே படலையே, ஏன்யா இப்படி வெளுத்துப் போயிருக்கே? எந்திரி!" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, அந்த வலிதான் தோளில் தெரிந்ததாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலும் வாழலாமாம். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கிரேன்காரர் தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் அவரைத் தேற்றுகிறேன். அதற்கே அசந்துபோகிறது.

பேண்ட் வயிற்றுத் தையலில் உரசுகிறது, பழைய லுங்கி இரண்டு அனுப்பு. உன் சேலை ஒன்றில் சுற்றி அனுப்பு, துவைக்க வேண்டாம்.

நர்ஸ் ஊசியோடு வருகிறார். போனில் என்னைச் சிரிக்க வைக்காதே, வயிறு இழுக்கிறது. இல்லை, பரவாயில்லை, சிரிக்க வை.

உன்னவன்