கேடயம் பிடித்த கை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே; ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி. அம்மாவோடு வாரம் தவறாமல் போனில் பேசுகிறாய், நான் வாங்கினால் மட்டும் லைன் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவுக்கு இரண்டாவது பையன். பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. தொண்டை அப்படியே உன்னுடையதுதான், அழுதால் தெருவே எழுந்துகொள்கிறது.

எனக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எட்டடியில் ஒரு வீரன் சிலை. நமக்குக் கைவந்த வேலையாயிற்றே, கையில் வாளா வேலா என்று கேட்டேன். பெரிய டாக்டரம்மா, ரெண்டும் வேண்டாம், குழந்தையைத் தோள்ல போட்டுத் தூங்கவைக்கிற மனுஷன் போதும், நாங்க தினமும் பாக்கற வீரன் அவன்தான் என்றார். இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன்.

களிமண்ணில் செய்து முடித்தேன். நரம்பு, தசை எல்லாம் அச்சு அசல். பார்க்க வந்த நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் ஐயா, புள்ளைய இப்படி விறைப்பா கேடயம் மாதிரி பிடிச்சிருக்காரு, யாராவது அடிக்க வராங்களா என்றாள் ஒருத்தி. எனக்கு வந்த கோபம்! முப்பத்தைந்து வருஷமாகச் சிலை செய்கிறவனுக்குப் பாடமா? வீட்டுக்கு வந்து தாம் தூம் என்று குதித்தேன். உன் அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. நீங்க எங்க ரெண்டு பேரையும் தூக்கினதே இல்லையேப்பா, அப்புறம் கை எப்படி வரும் என்றாள்.

மறுநாள் அவளே பையனை என் தோளில் போட்டாள். கழுத்தைப் பிடிங்க, ஐயோ அப்படி இல்ல, முதல்ல முறைக்காதீங்க என்று ஏகப்பட்ட அதட்டல். வீறிட்டவன் பத்து நிமிஷத்தில் தூங்கிப்போனான். ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன். கால் மரத்துவிட்டது, சட்டையெல்லாம் எச்சில். இறக்கிவிட மனம் வரவில்லை.

அக்கா முதல் பிரசவத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் குழந்தையை மூன்று மாதம் தோளிலேயே வைத்திருந்தாய். நானோ பட்டறை ஆட்கள் முன்னால், நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா என்று கேட்டேன். அன்றைக்குப் போனவன்தான் நீ. தப்பு என்னுடையது. இந்த இரண்டு வார்த்தையை எழுதுவதற்குள் நான்கு தாள் வீணாகிவிட்டது.

அந்தக் கையை உடைத்துவிட்டு, நீ குழந்தையை வைத்திருந்ததை நினைத்து நினைத்துப் புதிதாகச் செய்தேன். கேலி செய்த நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இப்போ புள்ள தூங்கும் ஐயா என்றாள். இது யாரு ஜாடை என்று பட்டறை ஆட்கள் கேட்டார்கள். என் பையன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி திறக்கிறார்கள். லீவு கிடைக்குமா பார். அன்றைக்கு முடியாவிட்டாலும் பரவாயில்லை, சிலை எங்கேயும் போய்விடாது. எப்போது முடியுமோ அப்போது வா. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த ரயில் என்று அம்மாவிடம் சொன்னால் போதும், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். சின்ன வயதில் உன்னைத் தூக்கவில்லை. இனிமேல் தூக்கவும் முடியாது. உன் பெட்டியையாவது என்னிடம் கொடு.

உன் அப்பா