நைனாவின் இடது தோள்

என் ஆசை நைனாவுக்கு,

காலடிப்பேட்டையிலிருந்து உன் வாயாடிப் பெண் பிலோமினா எழுதுகிறேன். நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கிருந்து கடிதம் வந்தாலும் நான்தான் படித்துக் காட்டுவேன். நீ துறைமுகத்து வேலை முடிந்து வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சத்தமா படிமே, ஆர்பர் வரிக்கும் கேக்கணும்" என்பாய். அதனால்தான் இதைக் கல்லறையில் கொண்டுபோய் வைக்காமல், நம் மாதா கோயில் திருவிழா மலரில் அச்சுப்போடச் சொல்லிக் கொடுக்கிறேன். சத்தமாகவே படிக்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் நல்ல சேதி. உன் பேத்தி ஸ்டெல்லா சௌக்கியமாக இருக்கிறாள். பத்து வயசு முடிந்துவிட்டது. வாய் என்னைவிட நீளம். அவளுடைய இடது கழுத்தெலும்பு, கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகிற அந்த எலும்பு, பத்திரமாக அதனிடத்தில் இருக்கிறது. இதையெல்லாமா ஒரு சேதியென்று எழுதுவாள் என்று நினைக்கிறாயா? போன வருஷம் அதை வெட்டி எடுப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள், நைனா.

நீ போன மறு வருஷம் அந்த எலும்பு வீங்க ஆரம்பித்தது. நாவல்பழம் அளவில் தொடங்கி எலுமிச்சை அளவுக்கு வந்தது. தொட்டால் அலறுவாள். கூடவே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொடிப்பொடியாகச் சீழ்க் கொப்புளம். காய்ந்து தோல் உரியும், பத்து நாளில் மறுபடி வரும். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டி.பி. என்றார்கள். மாதக்கணக்கில் ஊசி. பிள்ளையின் இடுப்பில் குத்த இடம் பாக்கியில்லை, வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. கொப்புளத்துக்கு வேறு டாக்டர், வேறு சீட்டு, வேறு களிம்பு. எலும்பு ஒரு கட்டடம், தோல் இன்னொரு கட்டடம். நான் இரண்டுக்கும் நடுவில் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

உன் மருமகன் என்ன செய்தார் தெரியுமா? நேர்ந்துகொண்டு, கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகடு வாங்கப் போனார். கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண் இருக்கிறது, கழுத்தெலும்பு மட்டும் எங்கும் கிடையாது என்றானாம் கடைக்காரன். முழு ஆளாகவே வாங்கி வந்து மாதா காலடியில் வைத்துவிட்டு, "எதுன்னு அவங்களுக்குத் தெரியும்மே" என்றார். அழுகிற நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் எலும்பிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஒன்றும் அகப்படவில்லை. அப்படியும் பெரிய டாக்டர், "வெச்சிருந்தா பரவும், எடுத்துடலாம்" என்று சொல்லித் திங்கட்கிழமைக்கு நாள் கொடுத்தார். கை என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் பலம் குறையும் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? தண்ணீர்க் குடம் தூக்குவாளா, பிள்ளை தூக்குவாளா? யாரைக் கேட்பது?

வார்டில் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் இருந்தார். எதையும் இரண்டு தரம் கேட்கிற ரகம். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார். சேசுமேல் ஆணையாக ஒருத்தருக்கும் இல்லை என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, நைனா. நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. உடம்பில் எது வந்தாலும் பழியைத் தொழில்மேல் போட்டுவிடுவோம். காத்திவாக்கத்தில் உன் தங்கை சவரியம்மா அத்தைக்கு உள்ளங்கை வெடித்துச் சீழ் வைத்தால் அது இறால் உரித்த கை. உனக்குப் பாதம் உரிந்தால் கப்பலில் வந்த கந்தகம் கடித்தது. உன் கழுத்தெலும்பில் இருந்த மேடு, துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி வந்த காய்ப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களைக் கூப்பிட்டுச் சட்டையை விலக்கிக் காட்டுவாயே. "இது இன்னா தெரியுமா? ஆர்பர் குடுத்த மெடலு!" தொழிலால் வந்தது எப்படி வியாதியாகும்? அதனால்தான் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை அத்தை மடவை மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து ஸ்டெல்லாவுக்கு ஊட்டப் போனபோது அந்த லேடி டாக்டர் பார்த்துவிட்டார்.

"பாட்டி, உங்க கையைக் காட்டுங்க."

"எறா உரிச்ச கை, கண்ணு. வேறொண்ணும் இல்ல."

"இப்பவும் உரிக்கிறீங்களா?"

"எங்க? அத வுட்டு ஆறு வருசம் ஆவுது."

"அப்ப இது எப்படி இன்னும் வருது?"

அத்தை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது. டாக்டர் என் பக்கம் திரும்பி உன்னைப் பற்றிக் கேட்டார். "அவுரு மூட்ட தூக்கறவரு டாக்டரம்மா. தோள்ல காய்ப்பு இருந்திச்சி, அவ்ளோதான்" என்றேன்.

"எந்தத் தோள்ல தூக்குவார்?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"காய்ப்பு எங்க இருந்துது?"

காட்டுவதற்குக் கையை உயர்த்தினேன். கை தானாக இடது பக்கம் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

மூட்டை வலது தோளில். மேடு இடது பக்கம். இருபது வருஷம் கண்ணெதிரே இருந்தது, நைனா! அம்மா பார்த்தாள், நான் பார்த்தேன், உன் கூட மூட்டை தூக்கினவர்கள் அத்தனை பேரும் தொட்டுப் பார்த்தார்கள். பெருமைப்படுகிற அவசரத்தில் ஒருத்தரும் பக்கத்தைப் பார்க்கவில்லை.

அந்த லேடி டாக்டர் பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார். பெரிய டாக்டர் வந்தார், அத்தையையும் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போனார்கள். "எனக்கு இன்னாத்துக்குடி போட்டோ?" என்று அத்தை போட்ட கூச்சலில் வார்டே சிரித்தது. அவள் நெஞ்செலும்பு ஓரத்திலும் அதே தடிப்பு இருந்ததாம். திங்கட்கிழமை ஆபரேஷன் நின்றது. நான் அந்த லேடி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "கிருமி இல்லம்மா. உடம்பு தானாவே எலும்பையும் தோலையும் வீங்க வெச்சுக்குது. ரொம்ப அபூர்வம். ஒரே ரத்தத்துல சிலருக்கு வரும், சிலரைத் தாண்டிப் போயிடும். இதுக்குப் பேர் என்னன்னு எனக்கே தெரியல." தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறது. எனக்கு ஒரு கொப்புளம் கிடையாது.

வலி மாத்திரையும், கையைத் தொங்கவிடத் தூளியும், களிம்பும் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் வீக்கம் வடிந்தது. நடுவில் ஒருமுறை மறுபடி வந்தது, போயிற்று. இனியும் வரலாம். வந்தால் இன்னதென்று தெரியும். மழைக்காலத்தில் அத்தையும் பேத்தியும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரே டப்பாக் களிம்பைத் தடவிக்கொள்கிறார்கள். யாருக்கு அதிகம் என்று சண்டை வேறு.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துச் சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழைத்து, அதை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தேடுவாள். நீயும் அப்படித்தானே போடுவாய்? அம்மா பிடித்துக்கொள்ள வேண்டும். "மாப்பிள்ளைக்குச் சட்டை மாட்டுறாங்கோ" என்று நான் கிண்டல் செய்வேன், நீயும் சிரிப்பாய். அன்றைக்கு ஸ்டெல்லா கேட்டாள்: "தாத்தாக்கும் வலிச்சுதாம்மா?" உன்னையே கேட்கிறேன். வலித்ததா, நைனா? அந்த இருபது வருஷமும் வலித்ததா? மெடல் என்று சொல்லிவிட்டதால் அப்புறம் வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் போய்விட்டதா?

இதை மலரில் போடப்போகிறேன் என்றதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் தமுக்கு அடிச்சா பொண்ண எவன்டி கட்டுவான்?" அவள் பயம் நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தெருக்களில் இன்னும் எத்தனை காய்ப்பு, எத்தனை இறால் கை, எந்தப் பிள்ளை எந்தக் கட்டிலில் நாள் குறித்துப் படுத்திருக்கிறதோ? மறைத்துக் கட்டிக்கொடுத்து, நாளைக்கு அவள் பிள்ளையை எவனாவது வெட்டக் கொண்டுபோனால் நான் தாங்கமாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் காப்பிக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் வலிக்கிறது என்றாலும், எதனால் என்று நானாக ஒரு காரணம் சொல்லமாட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். உன்னிடம் ஒருநாளும் கேட்காமல் போன கேள்வி அது.

உன்னைக் கிண்டல் செய்தே வளர்ந்த மகள்,
ஸ்டெல்லாவின் அம்மா,
பிலோமினா