கையுறையைக் கேட்டது யார்

பசுமலை
18.8.1999

அன்புள்ள ஆரோக்கியநாதன் அண்ணனுக்கு, தங்கை அற்புதமேரி எழுதுவது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மும்பையில் மழை நிற்கவில்லை என்றும், பட்டறையில் சாப்பாடு சரியில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே மழையே இல்லை. குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே இரண்டு பல் வந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் கடிக்கிறாள்.

என் வீட்டுக்காரருடைய வலது கை ஆறிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் தோல் மூடி வழுவழுப்பாக இருக்கிறது. சட்டைப் பொத்தானை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். கோயில் பேண்டு செட்டிலிருந்து அவரை நீக்கவில்லை, பெரிய மேளம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் நெளிவு நிமிர்த்திய தன் ட்ரம்பெட்டை எடுத்து இடது கையால் பொத்தான்களை அமுக்கிப் பார்க்கிறார். இரண்டு வரி வருகிறது, மூன்றாவது வரியில் தடுமாறி வைத்துவிடுகிறார். அந்த நேரம் நான் துணி துவைக்கப் போய்விடுவேன்.

இனி நீங்கள் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் கோயில் கொடியேற்றத்தன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் வண்டியை நிறுத்தாமலே வாசலில் நின்று, "அற்புதம், மாப்ளையோட வெள்ளைக் க்ளவுஸ எடுத்துக் குடு, கேட்டாப்ல" என்றீர்கள். பேண்டு உடுப்போடு போடுகிற கையுறை. நீலம் போட்டு மடித்து வைத்திருந்தேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலத்துக்கு உடுத்த இப்போதே கேட்கிறாரே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது. பட்டறையில் அவர் ட்ரம்பெட்டை மெருகேற்றும்போது பாலிஷ் சக்கரம் கையுறையின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டது என்றார்கள். ட்ரம்பெட் சுவரில் போய் அடித்து நெளிந்து கிடந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "நான் வேணாம்னுதான் சொன்னேன்த்தா. மாப்ள பிடிவாதமா மாட்டிக்கிட்டாப்ல. இந்தப் பேச்ச அவர்கிட்ட எடுக்காத, ரோசக்காரரு, ஒடஞ்சு போயிருவாரு."

நான் எடுக்கவில்லை. ஏழு மாதம், அண்ணே! சக்கரத்துக்கு முன்னால் கையில் துணி ஆகாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஏன் கேட்டு வாங்கி மாட்டினார் என்று மனதுக்குள் அவரை எத்தனை முறை திட்டியிருப்பேன் தெரியுமா? சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே திட்டியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பீரோவை ஒழித்தேன். இடது கை உறை மட்டும் கிடந்தது. குப்பையில் போடப் போனேன். அவர் எட்டி வாங்கி, "வச்சிரு அற்புதம். நீ ஆசையாக் குடுத்து விட்டது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நானா? நீங்கதான கேட்டு விட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன். அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னார். அண்ணே, நீங்கள் இங்கே நம் ஊர்ப் பட்டறைக்குள் நுழைந்ததும், "தங்கச்சி குடுத்து விட்டுச்சு மாப்ள. விரல் ரேகை விழாம ட்ரம்பெட்ட நீங்க மினுமினுன்னு கொண்டு போறத அது பாக்கணுமாம், மாட்டிக்கிருங்க" என்றீர்களாம். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லையாம். ஆஸ்பத்திரியில் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள்: "தங்கச்சிகிட்ட க்ளவுஸப் பத்திப் பேசாதீங்க, தன்னாலதான்னு நெனச்சே செத்துப்போகும்."

அவரும் பேசவில்லை. நான் குற்றவாளி என்று நினைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் குற்றவாளி என்று நினைத்து நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் சௌகரியமாக ரயில் ஏறிவிட்டீர்கள்.

முந்தின வருடம் பட்டறையில் மெருகேற்றிய ட்ரம்பெட்டில் விரல் ரேகை கறுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பங்குச்சாமியார் எல்லோர் முன்னாலும் கேட்டது உங்களுக்கு அவமானம்தான். எனக்கும் தெரியும். நீங்களாகச் சொன்னால் அவர் உறையை மாட்ட மாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் என் பெயரைச் சொன்னீர்கள். விரல் போனது விபத்து, அதை நான் மன்னித்துவிடுவேன். அடிபட்டுக் கிடந்த மனுஷனிடம் போய், உன் பெண்டாட்டிதான் காரணம் என்று நம்ப வைத்தீர்களே, அதற்கு எனக்கு மன்னிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் இப்படிச் செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களை அடித்திருப்பேன்.

பாப்பாவுக்குக் காது குத்து எப்போது என்று கேட்டிருந்தீர்கள். செப்டம்பர் பன்னிரண்டு, ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, வீட்டில்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பாப்பாவுக்கு வேறு மாமன் இல்லை. கம்மல் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பிள்ளையை மடியில் வாங்குவதற்கு முன்னால், சொந்தக்காரர்கள் இருக்கும்போதே, அவரிடம், "க்ளவுஸ நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்று ஒரு முறை சொல்லுங்கள். அழ வேண்டாம், காலில் விழ வேண்டாம். அதைச் சொன்னால் போதும். சொல்ல முடியாதென்றால் டிக்கெட் எடுக்காதீர்கள். பாப்பா அவள் அப்பா மடியில் உட்கார்ந்துகொள்வாள். பிடித்துக்கொள்ள அவருக்கு இன்னும் எட்டு விரல் இருக்கிறது.

மழையில் நனையாதீர்கள். உங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இதை எழுதும்போது அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். "மச்சானுக்கு என் அன்பச் சொன்னேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இது அவருடைய அன்பு. என்னுடையதை நீங்கள் வந்து, சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
அற்புதமேரி ஆலன்