ஜிலேபி மேலே ஏறவில்லை, பாவா

என் அருமை பாவாவுக்கு,

நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன். அக்கா புருஷனுக்கு, அதுவும் போய்ச் சேர்ந்தவனுக்கு, இப்படி ஊரறியக் கடிதம் எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்கு இன்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

ஏரி வற்றிய அந்தக் கோடையில், சேற்றில் துடித்த ஜிலேபி மீன்களைக் குடத்தில் அள்ளி, டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டுபோய் மலையோடையின் நடு மடுவில் விட்டாய். "பாவம்டா, வாயைத் தொறந்து தொறந்து மூடுது" என்றாய். குழம்பில் போடுகிற மீனுக்குப் பாவம் பார்த்த ஒரே ஆள் நீதான்!

பிறகு டீக்கடையில் யாரோ, அது மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும் என்றார்கள். உனக்குச் சோறு இறங்கவில்லை. மடுவில் கெண்டை குறைந்ததும் பயம் முற்றியது. ஜிலேபி மேலேயும் ஏறி, அங்கே பாறையில் ஒட்டி வாழும் கல்லொட்டி மீன்களும் போய்விட்டால்? மூச்சு வாங்கிய படுக்கையிலும் அதையேதான் அக்காவிடம் கேட்டாய். நீ போனதும் அந்தப் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. திருத்தணிக்குப் போனாலும் மீன் கடைப் பக்கம் திரும்ப மாட்டாள்.

மழை வடிந்ததும், எல்லை தாண்டிப் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் இறங்கினேன். ஓடையோடு மேலே நடந்தோம். தடுப்பணையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சேற்றில் கெளுத்தி, கோரைக்குள் விரால். கொஞ்சம் மேலே, மணல்மேல் தண்ணீர் சலசலக்கிற இடத்தில் அயிரை. அதற்கும் மேலே உன் மடு. உன் ஜிலேபிகள் உள்ளங்கை அகலத்துக்குக் கொழுத்து, அடியில் குழி பறித்துக் குடித்தனம் நடத்துகின்றன. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"இதுக்கு மேல நீயே போய் பாருடா. எனக்கு பயமா கீது."

விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். மடுவுக்கு மேலே பாறை படிபடியாக ஏறுகிறதே, அங்கே தண்ணீர் குதித்து வருகிற வேகத்தில் நிற்கவே முடியவில்லை. கல் கல்லாகத் துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. இவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவளோ களைத்துப்போய், வெடித்த குதிகாலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேய்! காலை எதுவோ கொத்திகினு கீதுடா!"

ஓடிப்போய்த் துண்டால் அள்ளினேன். விரல் நீளம்கூட இல்லை. கையைக் கவிழ்த்தேன், விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லொட்டி, பாவா! குனிந்து பார்த்தால் அந்தப் பாறை முழுக்க அதுதான். அதற்கும் மேலே நெடுந்தூரம் தேடினோம், ஒரு ஜிலேபிகூட இல்லை. நின்ற தண்ணீரில் சொகுசாக வாழ்கிற மீனுக்கு இந்த ஏற்றத்தில் என்ன வேலை? எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

அக்கா காலை எடுக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "உங்க பாவாகிட்ட யார்டா சொல்றது இப்போ?" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கெண்டை குறைந்தது உண்மைதான். அதற்கு நான் இருக்கிறேன். கோடையில் மடு சுருங்கும்போது வலையோடு போய் ஜிலேபிகளை வாரிக்கொண்டு வருவேன். மிஞ்சினால் அடுத்த கோடையும் போவேன். அக்கா இப்போதே குழம்புக்குத் திட்டம் போடுகிறாள். முதல் படையல் உனக்குத்தான். முள் பார்த்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியோடு பிறந்த குற்றத்துக்கு உனக்கு மச்சானாகிப்போனவன்