கதவில் நான்கு கோணல் கோடுகள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பதில் போடத்தான் உனக்கு நேரமில்லை.

பண்ணைப் பாதுகாப்பு வாரியத்தின் விதிகளைப் படித்தேன். ஒரே குடும்பம் நூறு ஆண்டுகள் விடாமல் பயிரிட்ட பண்ணை என்று நிரூபித்தால், புதிய சாலை நம் நிலத்தைத் தொடாது. ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் போச்சு. கொள்ளுத்தாத்தா ஒற்றை ஆளாகக் காடு திருத்திய கதையெல்லாம் அங்கே எடுபடாது. பழைய வரிப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் தும்மியதுதான் மிச்சம்.

கிடங்குக் கதவு ஒன்றுதான் சாட்சி. விதைப்பு முடிந்ததும் வருடத்துக்கொரு கோடு உளியால் வெட்டுவோமே, அது. கதவைத் தொடாதே. துடைக்கக்கூடச் செய்யாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

திட்டாம படி. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்துச்சு. கதவுக்கு ஞாயித்துக்கிழமையே பெயின்ட் அடிச்சாச்சு. வாரியத்து அதிகாரி வர்றப்ப கிடங்கு லட்சணமா இருக்கட்டுமேன்னு நான்தான் பெயின்டரை வரச்சொன்னேன். அந்த மகராசன், "கதவெல்லாம் ஒரே பள்ளம்ணே"ன்னு ஒண்ணுவிடாம பட்டி வச்சு அடைச்சு, மேல பச்சை அடிச்சுட்டுப் போயிட்டான். கதவு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. எனக்குத்தான் சோறு இறங்கல.

தம்பி

ஜூன் 12

தம்பி,

திட்டி எழுதிய மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நீ பிழைத்தாய்.

நீயாக எதையும் சுரண்டாதே. அதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொல். உனக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

அதிகாரியம்மா வந்தாங்க. சொன்னேன். சிரிச்சுட்டு, பேனாக்கத்தியால மெதுவா நெம்பினாங்க. பழைய எண்ணெய் ஊறின மரத்துல பட்டி பிடிக்கவே இல்ல, பொலபொலன்னு வந்துருச்சு. மொத்தம் நூத்தியேழு கோடு!

ஆனா நடுவுல நாலு கோடு மட்டும் கோணலா, ரொம்பக் கீழ இருக்கு. "இது வேற கையாச்சே, பின்னால யாரோ சேர்த்ததா?"ன்னு கேக்கறாங்க. கணக்குப் பார்த்தா அப்பா முதுகொடிஞ்சு படுத்திருந்த வருஷங்கள். அது ஆரம்பிச்சப்ப நான் தொட்டில்ல. அந்த நாலு வருஷம் விதைச்சது யாருன்னு தெரிஞ்சவங்க எழுதிக் கொடுக்கணுமாம். எனக்குத் தெரியலக்கா.

தம்பி

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

அந்த நான்கும் நான் வெட்டியவை. முதல் கோடு வெட்டியபோது எனக்குப் பத்து வயது. அம்மாதான் விதைத்தாள், நான் பின்னால் மண் மூடிக்கொண்டே போனேன். முடிந்ததும் அம்மா உளியைக் கொடுத்து, "அப்பா எந்திரிக்கிற வரைக்கும் நீ போடு" என்றாள். எனக்கு அவ்வளவுதான் எட்டியது. முதல் வருடம் கட்டைவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன்.

யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையெழுத்திட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. பத்திரம், இதற்கும் பெயின்ட் அடித்துவிடாதே.

அக்கா

ஜூலை 15

அக்கா,

ஒத்துக்கிட்டாங்க! சாலை ஏரிக்கு அந்தப் பக்கமா சுத்திப் போகுது. ரெண்டு மாசம் கழிச்சு நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஒரு விஷயம். பண்ணைப் பதிவுல குடும்பத்தார் தொழிலைக் கேட்டிருந்தாங்க. உனக்கு நேரா "பேராசிரியர்"னு எழுதியிருந்தேன். அதிகாரியம்மா உன் வாக்குமூலத்தைப் படிச்சுட்டு, அதுக்கு முன்னால "விவசாயி"ன்னு சேர்த்துட்டாங்க. மறுப்பு இருந்தா பத்து நாளுக்குள்ள எழுதணுமாம்.

தம்பி

ஜூலை 18

தம்பி,

மறுப்பு இல்லை.

அக்கா